அளவு நோட்டு

எரிதாரகை என்று பெயராம் அவளுக்கு.
நம்பீஸ்வரி பக்கத்தைக் கிழிக்காமல்
புத்தகத்தோடு கொண்டுவந்து
மெஷின்மேல் விரித்தாள்.
வெள்ளிக்கிழமை ஆண்டுவிழா, மாறுவேடப் போட்டி.
"இதே மாதிரி, லாத்தா. இதே மாதிரி."

வேதாளைக் கடைத்தெருவில்
பத்தொன்பது வருஷமாக ஊசியில் நூல் கோக்கிறவள் நான்.
படத்தை மேலும் கீழும் பார்த்தேன்.
கொக்கி எங்கே, ஜிப் எங்கே?
தையலே இல்லாமல் எப்படி உள்ளே போனாள்?
அவசரத்துக்கு ஒதுங்கினால் எப்படி வெளியே வருவாள்?
காசு வைக்க ஒரு பை இல்லை.
டேப்பை வைத்து இடுப்பை அளந்தேன்:
தலையின் அகலம்தான் இருந்தது.
சோறு எந்த வழியாக இறங்கும் என்று கேட்டேன்.
பிள்ளை சிரிக்கவில்லை.
"பொம்பளைன்னா இவ மாதிரி இருக்கணும்.
எங்க டீச்சரே சொன்னாங்க."

என் நோட்டில் எண்ணூறு பெண்கள் இருக்கிறார்கள்.
ஒரு தோள் இறங்கியவள்.
ஒவ்வொரு பிரசவத்துக்கும் இரண்டு இஞ்ச் ஏறியவள்.
மதுரையில் ஒரு மார்பை எடுத்த பிறகு
அந்தப் பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னவள்.
இப்படித்தான் இருக்கணும் என்கிற அளவில்
இதுவரை ஒருத்தியும் படியேறவில்லை.
வாசலில் ஃப்ரீ சைஸ் நைட்டி தொங்குகிறது.
யாருக்கும் பொருந்தாது.
எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆனாலும் அன்றிரவு ஷட்டரை இறக்கிவிட்டு
அவள் நிற்பதுபோல் நின்று பார்த்தேன்,
காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து,
கட்டம் முழுக்கத் தனக்கே என்பதுபோல.
பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது.
நாற்பத்துநாலு வயதில் முதல்தடவையாக
அந்தக் கடை எனக்குச் சின்னதாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பூமாரி வந்தாள்.
பாசி எடுத்து, கரையில் எடை போட்டுவிட்டு,
கணுக்காலில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருக்க.
மகளின் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.
தொடவில்லை, கையெல்லாம் பிசுக்கு.

"எம்புட்டு நேரம் மூச்சுப் பிடிப்பா?"
"அவளுக்கு மூச்சே வேணாம்மா."
"மூச்சு வேணாம்னா அப்புறம் முங்குறதுல என்னடி இருக்கு?
ஃபாரஸ்ட்காரன் போட்டுல வந்தா?"
"பறந்துருவா."
"பாசி மூடையோடயா?"

நம்பீஸ்வரி பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.
அப்படி ஒரு கட்டம் இல்லை போல.
பிறகு, புத்தகத்தை மூடாமலே,
"அவளுக்குக் காதுல சீழ் வடியாது" என்றாள்.

பூமாரி ஒன்றும் சொல்லவில்லை.
தலைப்பை எடுத்து
வலது காதில் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டாள்.

மூன்று மீட்டர் சிவப்பு சாட்டின்.
முதுகில் ஜிப்.
இடுப்பில், படத்தில் இல்லாத ஒரு பை.
வளர்கிற பிள்ளை என்று
உள்பக்கம் ஒன்றரை இஞ்ச் மடித்துவிட்டேன்.
வரைந்தவன் அவளுக்கு அதை விட்டிருக்கவில்லை.
மிச்சத் துண்டுகளை உடுப்போடு சுருட்டிக் கொடுத்தேன்,
பூமாரி விரலில் சுற்றிக்கொள்வாள் என்று.
பத்து விரலுக்கும் துணி சுற்றினால்தான்
பாறை அறுக்காது.

முதல் பரிசு பாரதமாதாவுக்கு.
அந்தச் சேலைக்கும் நான்தான் மடிப்பு வைத்து ஊக்கு குத்தினேன்.
மேடையில் அந்தப் பிள்ளை அசையவே இல்லை.
அசைந்தால் அவிழ்ந்துவிடும்.
எரிதாரகைக்கு ஆறுதல் பரிசாக
எவர்சில்வர் டப்பா ஒன்று.
பையில் நுழையவில்லை.

திங்கட்கிழமை பூமாரி வந்து
சிவப்புத் துண்டுகளைத் துவைத்து மடித்து
மெஷின்மேல் வைத்தாள்.
சுட்டுவிரலில் புதிதாக இரண்டு கீறல்.

"பளபளன்னுதான் இருக்கு லாத்தா.
தண்ணிக்குள்ள வழுக்குது.
காட்டன் இருந்தா குடு."